சுவருக்கு அந்தப் பக்கம்

இதை இவனிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் சிரிப்பானே என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பியோ கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

"நடுச்சுவரை எடுத்துட்டா ஹால் எவ்வளவு பெருசாயிடும் பாருக்கா! நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அப்பா போன பிறகு வீடு இருவருக்கும் பொது. இல்லாவிட்டால் கேட்டுச் செய்கிற ஆளா இவன்!

அப்பா இரவு பஸ் டிரைவர். பகலெல்லாம் இந்த நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குவார். வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழக் கூடாது. இழுப்பு வந்து, பள்ளிக்கூடம் போகாமல் இந்தப் பக்கம் கிடந்த மகளுக்கு மட்டும் சுவரைத் தட்டலாம் என்று சலுகை. மூச்சு முட்டினால் இரண்டு தட்டு தட்டுவாள். அரைத்தூக்கத்தில் அவரும் இரண்டு தட்டுவார். 'இருக்கேன்' என்று அர்த்தம். நெஞ்சில் இறுகிய முடிச்சு தளர்ந்துவிடும். ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

தலை நரைத்தும் இழுப்பு அவளை விட்டபாடில்லை, பயம்தான் விட்டுப்போயிருந்தது. "பதறாம இருக்கீங்க, அதான் சீக்கிரம் தேறிடுறீங்க" என்பார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியை விரலால் தட்டுவதை அவரிடம் அவள் சொன்னதில்லை.

தம்பியிடம் இன்று சொல்லிவிட்டாள். நினைத்தபடியே சிரித்தான்.

"அடேங்கப்பா! நான் பந்தைத் தட்டினா முதுகுல விழும், உனக்கு மட்டும் தனிச் சட்டமா? அதான் நான் மாத்திரை போட்டும் தூக்கம் வராம புரளுறேன், நீ குறட்டை விடுற."

சிரிப்பு அவன் கண் வரை போகவில்லை. "அப்பா என்ன இந்தச் செங்கல்லுக்குள்ளயாக்கா இருக்காரு?"

நியாயமான கேள்விதான்.

கொத்தனார் சுவருக்குள் தூண் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த அறைக்குப் போயிருந்தார். அங்கிருந்து சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் கை தானாக எழுந்து, திருப்பி இரண்டு தட்டியது.

"யாரும்மா அது?" என்று கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

தம்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா சொல்ற?"

"பின்பக்கச் சுவரை வேணும்னா தள்ளிக் கட்டிக்கோடா" என்றாள் மெதுவாக. "இது இருக்கட்டும்."