நான் நினைச்சதையே சொல்லிட்ட

மழை விட்ட வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்த ஊரில் யார் எந்தப் படத்தைப் பற்றி எங்கே நின்று என்ன சொல்லியிருந்தார்களோ, அது அவரவர் குரலிலேயே, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. முதலில் கேட்டது பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில். ‘இன்டர்வெல் வரைக்கும்தான் படம், அதுக்கப்புறம் கொட்டாவி’ என்று ஒரு குரல் சொன்னது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆளைக் காணாததால் மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே கதை. மின்வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து கம்பங்களைத் தட்டிப் பார்த்து, இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இறைச்சிக் கடைக்காரர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் மனைவி கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு காதல் படத்தை அவர் ‘ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்’ என்று திட்டுவதை சாயங்காலம்தோறும் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எல்லாப் பேச்சும் திரும்பவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. வங்கி மேலாளர் வெளிநாட்டு விருது வாங்கிய மெதுவான படங்களைப் பற்றி வாடிக்கையாளர்களை உட்கார வைத்துப் பேசுகிறவர். அவருடைய அறையில் ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. ஆனால் வங்கிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், ஓடுகிற ரயிலைக் கதாநாயகன் ஒற்றைக் கையால் நிறுத்துகிற படத்தைப் பற்றி அவர் வாட்ச்மேனிடம் சொன்னது கணீரென்று கேட்டது: ‘அந்த என்ட்ரிக்கு விசிலடிச்சு இன்னும் வாய் வலிக்குதுப்பா!’ மேலாளர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். மருந்துக் கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ‘மனசாரச் சொன்னது மட்டும்தான் திரும்புது. அடுத்தவங்களுக்காகச் சொன்னது சொன்னதோட போயிடுது’ என்றார். அதை மறுத்துப் பேச யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவளுக்கு முதல் சில நாட்கள் கொண்டாட்டமாகவே இருந்தன. அவளும் அவள் கணவனும் ஞாயிறுதோறும் மேட்னி பார்க்கிறவர்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளெல்லாம் அவன் கைபட்டவைதான். படம் முடிந்தால் அவர்கள் பஸ் ஏற மாட்டார்கள். வீடு வரை நடப்பார்கள், அவள் பேசிக்கொண்டே வருவாள். எந்தப் படத்திலிருந்தும் அவள் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்ததில்லை. இப்போது பாலத்தின் மேல் அவள் குரல் கேட்டது: ‘ரயில நிறுத்தினான், சரி. உள்ள இருந்தவங்க முட்டி மோதி விழுந்திருக்க மாட்டாங்களா? ஒருத்தரையாவது காட்டினானா?’ தண்ணீர்த் தொட்டியடியில், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் தாயின் கதையைப் பற்றி: ‘அந்தம்மா வீடு போகுதேன்னு அழல. ஒரு பிள்ளையும் நீ எங்கம்மா இருக்கப்போறேன்னு கேக்கல பாருங்க, அதுக்கு அழுதா.’ காய்கறி வாங்கப் போன பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைக் கேட்டார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கண்ணாடிக் கடைக்காரி அவர்களைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

அவள் பேசி முடித்த ஒவ்வொரு முறையும் கணவன் சொன்னது ஒன்றுதான். ‘நான் நினைச்சதையே சொல்லிட்ட.’ அந்த வாக்கியத்தில்தான் அவர்கள் கல்யாணமே நடந்தது. கலங்கரை விளக்கம் வரும் ஒரு காதல் படத்துக்கு இரண்டு பேரும் நண்பர்கள் கூட்டத்தோடு போயிருந்தார்கள். படத்தின் கடைசியில் கதாநாயகி படகேறிப் போகிறாள். கதாநாயகன் கரையில் நிற்கிறான், கூப்பிடவில்லை. வெளியே வந்து எல்லோரும் சப்பென்று இருக்கிறது என்றபோது அவள் மட்டும், ‘கூப்பிடாம நின்னான் பாருங்க, அதுதான் காதல்’ என்றாள். அதுவரை யாரிடமும் அதிகம் பேசாத மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நான் நினைச்சதையே சொல்லிட்டீங்க’ என்றான். சீக்கிரமே கல்யாணம் நடந்தது. பன்னிரண்டு வருஷமாயிற்று. பிள்ளை இல்லை என்பதைக்கூட அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அக்கா, தன் வீட்டுக்காரர் டைட்டில் போடும்போதே தூங்கிவிடுகிறார் என்று புலம்பும்போதெல்லாம், ‘எங்களுக்கு மனசு ஒண்ணுதான்க்கா, உடம்புதான் ரெண்டு’ என்று சொல்லிவிட்டு அக்காவின் வயிற்றெரிச்சலைச் சுகமாக வாங்கிக்கொள்வாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர்தான் கேட்டார். ‘ஏம்மா, நீ பேசுற, நடுவுல நிறுத்துற, மறுபடி பேசுற. உன் வீட்டுக்காரர் குரலைக் காணோமே?’ அவர் மெதுவாகப் பேசுகிறவர் என்று பதில் சொன்னாள். அன்று பாலத்தில் நின்று காதைக் கொடுத்தாள். அவளுடைய வாக்கியம் முடிந்த இடத்தில், அந்த மூன்று வார்த்தை இருந்திருக்க வேண்டிய அளவுக்குச் சரியாக, ஒரு மௌனம் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியடியிலும் அதேதான். தியேட்டர் வாசல், வீட்டு அடுப்படி, துணி காயப்போடும் மாடி, எங்கேயும் அவள் குரல், பிறகு ஓட்டை, பிறகு அவள் குரல். வீட்டில் கணவன் டிவியைச் சத்தமாக வைக்கத் தொடங்கியிருந்தான். காது வலிக்கிறது என்று பஞ்சு வைத்துக்கொண்டான். நடக்காமல் பஸ்ஸில் போகலாமே என்றான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பதில் வேறு வழியாக வந்தது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் ஒரு கண் மருத்துவர் இருந்தார். அவருக்குச் சேர வேண்டிய கண்ணாடிகளைக் கொடுக்க ஒரு மதியம் அவள் போனாள். கீழே லிஃப்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். நோயாளிகள் என்று நினைத்தாள். பலர் சும்மா வந்தவர்கள். கதவு மூடி லிஃப்ட் ஏறத் தொடங்கியதும், மேலே எங்கிருந்தோ அவள் கணவனின் குரல் இறங்கி வந்தது. அவள் இதுவரை கேட்டிராத குரல் அது. வேகம், கிண்டல், நடுவில் விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு. ‘அவன் வில்லனை அடிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நடந்து வர்றான்யா! அந்த நேரத்துல வில்லன் வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்திருக்கலாம்.’ லிஃப்டில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்த ஒருவர் அவளிடம், ‘இந்த ஆளுக்காகவே ரெண்டு தடவை மேல போய்ட்டு வர்றோம். யாரு பெத்த பிள்ளையோ, என்ன ரசனை!’ என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மருத்துவரின் தளத்தில் அவள் இறங்கவில்லை. கடைசி மாடிக்குப் போய், அங்கிருந்து மொட்டை மாடிக்கு ஏறினாள். லிஃப்டை இயக்கும் மோட்டார் அறை அங்கேதான். அறையின் நிழலில் இரண்டு பழைய நாற்காலிகள் எதிரெதிராகக் கிடந்தன. காலி நாற்காலிகளுக்கு மேல் இரண்டு குரல்கள். ஒன்று அவனுடையது, இன்னொன்று ஒரு பெண்ணுடையது. சண்டை போட்டார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள், ‘போடா லூசு’ என்றாள் அந்தப் பெண், ‘நீ தூங்கிட்டுப் படம் பாத்திருக்கே’ என்றான் இவன். வருஷக்கணக்கில் படங்கள். அவளோடு ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒவ்வொரு படத்தையும் அவன் திங்கட்கிழமை இங்கே கொண்டுவந்து பிரித்துப் போட்டிருந்தான். கலங்கரை விளக்கப் படமும் வந்தது. ‘கூப்பிடாம நின்னதுக்குப் பேரு காதலா? சோம்பேறித்தனம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாதவன். அவனுக்குப் போயி ஊரே அழுவுது.’

டிபன் பாக்ஸோடு ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் எக்ஸ்ரே அறையின் அடையாள அட்டை. அந்நிய ஆளைப் பார்த்து நின்றாள்.

‘யாருங்க நீங்க? நோயாளிங்க மேல வரக் கூடாது.’

‘அந்தக் குரல்காரரோட மனைவி.’

எக்ஸ்ரே எடுக்கிறவள் டிபன் பாக்ஸை நாற்காலியில் வைத்தாள். அவள் முகத்தில் குற்றம் செய்த களை இல்லை, குழப்பம்தான் இருந்தது. ‘நீங்களா? உங்களுக்கு சினிமாவே பிடிக்காதுன்னு சொன்னாரே. வீட்டுல படத்தைப் பத்திப் பேசவே முடியாது, அதான் இங்க வந்து கொட்டுறேன்னு சொல்வாரு.’ கொஞ்சம் நிறுத்தி, ‘வேற ஒண்ணும் இல்லைங்க எங்களுக்குள்ள. சத்தியமா. சாப்பிடுற நேரம், அவ்வளவுதான்’ என்றாள்.

‘தெரியுது’ என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. ‘அதான் எல்லாம் கேக்குதே.’

கண்ணாடிகளை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய், மிச்ச நேரத்துக்கு லென்ஸ் தேய்த்தாள். ஒன்றுகூடக் கீறவில்லை என்று கடை முதலாளி பிறகு எல்லோரிடமும் வியந்து சொன்னார்.

வீட்டில் கணவன் எதையும் மறுக்கவில்லை. பஞ்சைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். ‘நான் அவளைத் தொட்டதுகூட இல்ல’ என்றான்.

‘தொட்டிருந்தா நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்’ என்றாள் அவள். ‘உங்க சிரிப்பு அப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. லிஃப்ட்ல வர்றவன் போறவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு.’

‘முதல் நாள் உன்னைப் பிடிச்சுப் போச்சு, அதனால சொன்னேன். அப்புறம் எப்படி மாத்துறது? நீ பேசும்போது உன் முகம் அப்படியே விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும். குறுக்க நான் ஒண்ணு சொன்னா அணைஞ்சிடுமோன்னு...’

‘அணைஞ்சா மறுபடி ஏத்தத் தெரியாதா எனக்கு?’ என்றாள் அவள். ‘பன்னெண்டு வருஷம் பக்கத்துல ஆள் இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத் தனியாப் படம் பாத்திருக்கேன்.’

இருந்தும் அவள் உடனே பிரிந்துவிடவில்லை. அடுத்த ஞாயிறு படத்துக்குக் கூட்டிப் போனாள். வரும் வழியில் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், ‘இன்னைக்கு நீங்க முதல்ல சொல்லுங்க’ என்றாள். அவன் பாலத்தில் நின்று, படம் நீளம், ஆனாலும் பாட்டுகள் பரவாயில்லை என்றான். மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டு பேரும் பாலத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. அடுத்த வாரம் அவளுக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றிய ஒரு படத்தை வேண்டுமென்றே திட்டிப் பார்த்தான், அதுவும் திரும்பவில்லை. கோடை தொடங்கும்வரை இப்படி நடந்தது. அவளிடம் உண்மையாக ஒன்றைச் சொல்ல அவனுக்கு நாக்கு வளையவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எது பொருத்தமாக இருக்கும் என்றே மனம் தேடியது. ஒரு திங்கட்கிழமை பாலத்திலிருந்து திரும்பி வந்து, அவன் துணிகளை அவளே மடித்துக் கொடுத்தாள். அவன் அண்ணன் வீட்டுக்குப் போனான். எக்ஸ்ரே எடுக்கிறவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். போகுமுன் கண்ணாடிக் கடைக்கு வந்து, தன் கண்ணாடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுக்கொண்டு போனாள். அக்கா ஆறுதல் சொல்ல வந்தபோது அவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

ஓரிரு வருஷங்கள் அப்படியே ஓடின. ஒரு ஞாயிறு காலை அவன் விட்டுப்போன டூல்ஸ் பையை எடுக்க வந்தான். அவள் பையைப் படிக்கட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, அப்போது ஓடிக்கொண்டிருந்த, ஏமாற்றிய கணவனை மனைவி கடைசிவரை மன்னிக்காத படத்தைப் பார்த்தாயா என்றான். பார்த்தேன், ரொம்பப் பிடித்தது என்றாள். அவன் நாலு படி இறங்கி, நின்று, திரும்பினான்.

‘குப்பைப் படம் அது.’

‘என்னது?’

‘குப்பை. அவ மன்னிக்கல, சரி. அந்த ஆளுக்கு ஒரு சீனாவது குடுத்தானா டைரக்டர்? ரெண்டரை மணி நேரம் கதவுக்கு வெளியவே நிக்க வச்சிருக்கான். மரக்கட்டையா அவன்?’

‘பேச வேண்டிய நேரத்துல பேசாதவனுக்கு எதுக்கு சீன்?’

‘பயந்தவன் பேச மாட்டான்டி! அதையாவது காட்டியிருக்கணும்ல? உனக்குப் பாதிப் படம்தான் தெரியுது, மீதிப் பாதிய நீயா எழுதிக்கிற. எப்பவும் அப்படித்தான் பாப்ப நீ!’

‘நீ பாத்த லட்சணம் தெரியாதா? போடா!’ என்றாள் அவள். அவனை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து இறங்கிப் போனான்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் படிக்கட்டில், ‘குப்பைப் படம் அது’ என்று அவன் குரல் எழுந்தது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். அவன் சொன்ன ஒவ்வொன்றும் இருந்தது. அவள் சொன்னதும் இருந்தது. இடையில் ஓர் ஓட்டையும் இல்லை. முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவன் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனி டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தாள், திரும்புகையில் பஸ் ஏறினாள். அவள் வீடு இருந்த கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே வீட்டு ஓனர் இதையும் சொல்லிவிடுவார்: காலையில் படிக்கட்டில் ஒரு ஆணும் பெண்ணும் ஒரு படத்துக்காகச் சண்டை போடுவார்கள், ரொம்ப நேரம் இருக்காது, நீங்கள் பாட்டுக்கு ஒதுங்கி இறங்கிப் போகலாம்.