கண்ணை மறைத்த கொடிகள்

மூலை நடுவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கூடாது. சிசாதோ முதுகை நிமிர்த்தி, ஒரு கையில் சிவப்புக் கொடியும் மறு கையில் வெள்ளைக் கொடியுமாக, ஆடுகிற இருவருக்கும் ஆளுக்கொரு நிறம், உட்கார்ந்திருந்தாள். ஜப்பானின் கோச்சி மாகாணப் பெண்கள் கராத்தே, அரையிறுதி. கோப்பையை ஜெயிக்கிறவள் தோக்கியோவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவாள். தன் மூலைக்குப் போகிற வழியில் தகேச்சி என்ற கிழ நடுவர் அவள் பக்கம் குனிந்தார்.

"உங்க பள்ளிப் பொண்ணு ஆடுதாமே. பாசத்துல ரெண்டு கொடியையும் சேர்த்துத் தூக்கிடாதேம்மா."

"போங்க சார், உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்" என்று சிசாதோ சிரித்தாள். பாசமாம்! அந்தப் பெண் இரோஹாவின் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வாயில் கசப்பு ஊறும். அது தகேச்சிக்கு எங்கே தெரியப்போகிறது? சின்ன மாகாணம், நடுவர்களுக்கு எப்போதும் பஞ்சம், தன் கராத்தேப் பள்ளிக்காரி ஆடும்போது எழுந்து போகிற வழக்கமெல்லாம் இங்கே கிடையாது.

கசப்புக்குக் காரணம் ஓர் உதை. முன்காலால் உதைப்பது. பின்காலைச் சுழற்றி உதைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது கிளம்புவதற்குள் எதிராளி விலகிவிடுவாள். முன்கால் ஏற்கெனவே பாதி தூரத்தில் இருக்கிறது. உடல் கனத்தை யாருக்கும் தெரியாமல் பின்காலில் வைத்துக்கொண்டு முழங்காலை நேராகத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அது வயிற்றுக்கு வருகிறதா கன்னத்துக்கு வருகிறதா என்று எதிராளி யோசிக்கும்போதே பாதம் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தரைக்குத் திரும்பியிருக்கும். தொட வேண்டும், இடிக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தைப் பழக சிசாதோவுக்கு இருபதிலிருந்து முப்பது வயதுவரை தேவைப்பட்டது. நிஷிமோரி மாஸ்டரின் பள்ளியில் அதற்கு 'சிசாதோ உதை' என்றே பெயர். இரண்டு முறை மாகாண இறுதிவரை அவளை ஏற்றியதும் அந்த உதைதான். மூன்றாம் வருடம் முழங்காலில் தசைநார் கிழிந்தது. தோக்கியோவை அவள் பார்த்ததெல்லாம் டிவியில்தான்.

பிறகு இந்த இரோஹா வந்து சேர்ந்தாள். மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கும் குடும்பம், தோள் அப்படி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சிக் கூடத்தின் பெரிய கண்ணாடியில் சிசாதோ உதைப்பதைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். பிடித்ததோடு விட்டாளா? உதைக்கும் முன் எதிராளியின் கண்ணை மறைக்க சிசாதோ முன்கையை நீட்டுவது வழக்கம். இவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. கை சும்மா இருக்கும், முகம் சும்மா இருக்கும், கால் மட்டும் வந்து போயிருக்கும். போன குளிர்காலத்தில் ஒரு பொடியன் அதை 'இரோஹா உதை' என்றான். மாஸ்டர் திருத்துவார் என்று சிசாதோ காத்திருந்தாள். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, "ம்ம், நல்லாதான் இருக்கு" என்றார். அன்று வீட்டுக்குப் போன சிசாதோ கணவனிடம் உப்புப் பெறாத விஷயத்துக்கு எரிந்து விழுந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. எதிராளி எச்சரிக்கையான பெண், கிட்டே வரவே இல்லை. இருவரும் சிசாதோவின் மூலைப் பக்கமாக நகர்ந்து வந்தார்கள். இரோஹாவின் முழங்கால் எழுந்ததை அவள் பார்த்தாள். பாதம் அந்தப் பெண்ணின் கன்னத்தை மயிலிறகால் தடவியதுபோலத் தொட்டது. கன்னத்தோல் லேசாக அசைந்ததுகூடத் தெரிந்தது. தன் வாழ்நாளில் தானே இவ்வளவு சுத்தமாக உதைத்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. பட்ட அந்த நொடியே வயிறு பற்றி எரிந்தது.

தலைமை நடுவர் நிறுத்தச் சொல்லிவிட்டு மூலைகளைப் பார்த்தார். தகேச்சி இரோஹாவின் நிறக் கொடியை உயர்த்தினார். மற்ற இருவருக்கும் இரோஹாவின் முதுகுதான் தெரிந்திருக்கும், கொடிகளைக் கண்ணுக்கு முன் குறுக்காகப் பிடித்தார்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கு அதுதான் சைகை. இன்னொரு கொடி உயர்ந்தால்தான் புள்ளி. எல்லோரும் சிசாதோவைப் பார்த்தார்கள்.

அவளும் இரண்டு கொடிகளையும் தூக்கிக் கண்ணுக்கு முன் குறுக்காகப் பிடித்தாள்.

சொந்தப் பள்ளிக்காரிக்கே தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன? தலைமை நடுவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். கொடித்துணிக்குப் பின்னால் சிசாதோவின் நெஞ்சு குளிர்ந்தது. கூடவே ஒரு நியாயமும் தயாராக வந்தது. சலுகை காட்டினாள் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது பார்! பின்னர் கூடுதல் நேரத்தில் இரோஹா ஒரு குத்தில் ஜெயித்தாள். ஆக யாருக்கும் நஷ்டமில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இடைவேளையில் சிசாதோ படிக்கட்டில் உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிரித்தபோது இரோஹா தனியாக வந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்த உதை எவ்வளவு தூரம் குறைஞ்சுது?"

சிசாதோ வாயிலிருந்ததை மென்றாள். இத்தனை காலத்தில் இந்தப் பெண் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டவள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

"உனக்குப் பட்ட மாதிரி இருந்துச்சா?"

"எனக்குப் பட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா உங்களுக்கே தெரியலேன்னா படலைன்னுதானே அர்த்தம்? அந்த உதையை உங்களைவிட யாருக்குக்கா தெரியும்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை, ஒரு வார்த்தை போதும்.

"ஒரு விரல் அளவு உள்ள போ" என்றாள் சிசாதோ. "காத்துல உதைச்சா யாரு புள்ளி தருவா?"

"சரிக்கா. ரொம்ப நன்றிக்கா."

இறுதிப் போட்டியில் எதிரே ஷிமான்தோவிலிருந்து வந்த உயரமான பெண். சிசாதோவுக்கு அதே மூலைதான் கிடைத்தது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தான் சொன்ன அந்த ஒரு விரல் அவளுக்கு நினைவுக்கு வந்தது. தடுத்து ஏதாவது சொல்ல நினைத்தாள். மூலை நடுவர் வாயைத் திறக்கக் கூடாது. இரோஹாவின் முழங்கால் எழுந்தது. உயரமான பெண் குத்த முன்னே பாய்ந்தாள். பழைய மயிலிறகுத் தொடலாக இருந்தால் கன்னத்தைத் தொட்டதோடு போயிருக்கும். தாடையில் பட்ட சத்தம் கூடத்தின் மறுகோடிவரை கேட்டது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள், வெள்ளைச் சட்டைக் கழுத்தில் ரத்தம் சொட்டியது.

தலைமை நடுவர் மூலைகளைப் பார்த்தார். நான்கு கொடிகளும் வட்டமாகச் சுழன்றன, அடி பலமாகப் பட்டது என்று. சிசாதோவின் கொடியும் சுழன்றது. இந்த முறை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. விதிமீறல், இரோஹா வெளியேற்றம். தோக்கியோவுக்கு ஷிமான்தோக்காரி போவாள், தாடை ஆறினால்.

உடை மாற்றும் அறை வாசலில் நிஷிமோரி மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார். இரோஹா தலைகுனிந்து நின்றாள். கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கொடிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்த சிசாதோ அங்கேயே நின்றுவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர் மேலயும் உன் கால் இப்படி விழுந்ததில்ல! திடீர்னு எவன் சொன்னான் உனக்கு, இவ்வளவு உள்ள போன்னு?"

இரோஹா நிமிர்ந்தாள். மாஸ்டரின் தோளுக்கு மேலாக சிசாதோவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எப்போது புரிந்தது, எப்படிப் புரிந்தது, தெரியாது. புரிந்துவிட்டது.

"யாரும் சொல்லல மாஸ்டர்" என்றாள் இரோஹா. "என் தப்புதான்."

சிசாதோவின் கால் நகரவில்லை. 'நான்தான் சொன்னேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் நின்ற வெட்கம் வருவதற்கு முன்பே அவளுக்கு வயிறு எரிந்தது. இதிலும் அந்தப் பெண்தான் முந்திக்கொண்டாள்.