மூன்று முறை கூப்பிட்ட பெயர்

சாட்சி வராவிட்டால் நீதிமன்றச் சன்னலைத் திறந்து அவன் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். என் குரலுக்கு வாபாஷ் ஆற்றில் வாத்துகள் பறக்கும் என்று ஊரே கேலி பேசும். பறந்தால் பறக்கட்டுமே.

லெமுவேல் ஹாஸ்கல் அப்போது அரசுத்தரப்பு வக்கீல். கொலை வழக்கில் மாட்டிய ஆப்சலம் டட்டிலின் ஒரே சாட்சி, பன்றிக்கறி ஏற்றிய படகோடு நியூ ஆர்லியன்ஸ் போயிருந்தான். மூன்று முறை கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்று டட்டில் கெஞ்சினான்.

"அவன் வர்ற வரைக்கும் நாம என்ன சோளம் வறுத்துக்கிட்டு இருக்கறதா?" என்றார் ஹாஸ்கல். ஜூரிகள் சிரித்தார்கள். டட்டிலைத் தூக்கில் போட்டார்கள்.

வசந்தத்தில் படகுக்காரன் திரும்பினான். "அன்னிக்கு ராத்திரி பூரா அவன் எங்கூடத்தானே இருந்தான்!" என்றான்.

ஹாஸ்கல் அதற்குப் பிறகும் உயர்ந்துகொண்டேதான் போனார், தூக்கம்தான் போய்விட்டது. சட்டசபைக்குப் போய், படகேறி வெளியூர் போன சாட்சிக்காக நீதிமன்றம் காத்திருக்க வேண்டுமென்று மசோதா கொண்டுவந்தார். அங்கேயும் சிரித்தார்கள். பிறகு நீதிபதியானார். விசாரணைக்கு நடுவே சன்னலையே பார்ப்பார்.

"பீஸ்லி, யாரோ பதில் சொன்ன மாதிரி இல்ல?"

"வாத்துங்க, ஜட்ஜ் ஐயா" என்பேன். சொல்லிவிட்டு நானும் ஒருமுறை சன்னலை எட்டிப் பார்ப்பேன்.

அப்புறம் ஓரின் கேட்ஸ் வந்தான். மாவு மில்காரனைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு, பார்த்தவர் எவருமில்லை. அன்றிரவு ஒரு படகுக்காரனின் படகில் தூங்கினேன் என்றான் கேட்ஸ்; அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய அந்தப் படகுக்காரனோ நியூ ஆர்லியன்ஸில். கூப்பிட்டேன்; பதில் இல்லை.

"அந்தச் சாட்சியே வேண்டாங்க. இன்னிக்கே தீர்ப்பு சொல்லிடுங்க" என்றான் கேட்ஸ். ஜூரிகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, விட்டுவிடுவார்கள் என்று. ஹாஸ்கல் வழக்கை வசந்தத்துக்குத் தள்ளிவைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அறைக்கே போய்க் கேட்டேன்.

"கெஞ்சினவன் பேச்ச ஒருதடவ கேக்காம விட்டுட்டேன், பீஸ்லி."

"இவனும்தான் கெஞ்சுறான். காத்திருக்க வேணாம்னு கெஞ்சுறான். காதுல விழலயா?"

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் சாட்சி வந்தான். "அன்னிக்கு கேட்ஸ் என் படகுப் பக்கமே வரலீங்க" என்றான். அவ்வளவுதான். கேட்ஸ் கொன்றானா, எனக்கு இன்றும் தெரியாது. காத்திருக்காவிட்டால் அவன் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அது தெரியும்.

தூக்கு என்று வாசித்தபோது கேட்ஸ் நிமிர்ந்தான். "இவங்க என்னை விட்டிருப்பாங்க, ஐயா. நீங்கதான் காத்திருந்தீங்க."

கேட்ஸைத் தூக்கில் போட்டபின் வந்த அடுத்த அமர்வின் முதல் காலை. கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"சன்னலத் திற, பீஸ்லி. கூப்பிடு."

"யாரங்க ஐயா?"

"ரெண்டு பேரையும்."

கூப்பிட்டேன். டட்டிலை மூன்று முறை, கேட்ஸை மூன்று முறை. ஒரு வாத்துகூட அசையவில்லை.

"வர்றாங்க" என்றார். நீதிபதி உள்ளே வரும்போது நாங்கள் எழுந்து நிற்போமே, அப்படி ஹாஸ்கல் எழுந்து நின்றார்.