வேதவள்ளி ரம்பம் எடுத்த வெள்ளிக்கிழமை

மரம் விழுந்ததில் வேதவள்ளிக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாட்டில் என்று இங்கே சொல்லும் அந்த மரத்தை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. குளிர் முடியும் நேரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, வீட்டில் இருப்பவர்களையெல்லாம் தும்ம வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். விழட்டும். ஆனால் விழுவதற்கு ஒரு நாள் வேண்டாமா, ஓர் இடம் வேண்டாமா? வியாழக்கிழமை அடித்த பேய்க்காற்றில் சாய்ந்து, ஆக்லாந்தின் ஹென்டர்சன் மேட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஏறி வருகிற சரளைக்கல் பாதையின் குறுக்கே, நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவள் கணவர் முருகையா வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஏப்ரல் மாதம், இந்த ஊரில் குளிர் தொடங்கும் நேரம், கூரை ஓரத் தகரக்குழாயில் அடைத்திருந்த இலையை அள்ளப் போய், ஏணியோடு கீழே வந்தவர். இடுப்பும் முதுகும் அடிபட்டு, முதலில் மருத்துவமனை, பிறகு மனுகாவ் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம் என்று, குளிர்காலம் மொத்தமும் அவருக்கு வெளியிலேயே போய்விட்டது. சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்கும் வண்டியில்தான் அவரைக் கொண்டுவர முடியும். வண்டி வீட்டு வாசல்வரை வந்தாக வேண்டும்.

காலை எட்டு மணிக்கு மையத்திலிருந்து தாதி போன் செய்து, பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வேதவள்ளிக்குப் பொய் சொல்ல வராது. மரம் விழுந்திருக்கிறது என்றாள். ஒரு மணிக்குள் அகற்ற முடியாவிட்டால் வண்டி கீழேயே திரும்பிவிடும், சனி ஞாயிறு அந்த வண்டி ஓடாது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தாதி மிகவும் கனிவாகச் சொன்னாள். கனிவாகச் சொன்னால் திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிடுமா என்ன?

ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஆகியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், பெட்டி கட்டி, சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து பயணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேதவள்ளியால் முடியாது. இன்றைக்கு அவர் வந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

மரம் வெட்டுகிற கம்பெனிகள் நான்கைக் கூப்பிட்டாள். ஆக்லாந்து முழுக்க மரம் விழுந்திருந்தது. மூன்று பேர் போனை எடுக்கவில்லை. நான்காவது ஆள் செவ்வாய்க்கிழமை என்றான். நன்றி சொல்லி வைத்துவிட்டு கராஜுக்குப் போனாள்.

அங்கே பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு முருகையாவின் மெஷின் ரம்பம் கிடந்தது. பதினோரு வருடமாக அதை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். சனிக்கிழமை ஆனால் அவர் அதோடுதான் குடும்பம் நடத்துவார். அவர் வெட்டுவதும் இவள் அடுக்குவதுமாக எத்தனையோ குளிர்காலத்துக்கு விறகு சேர்த்திருக்கிறார்கள். மனம் நன்றாக இருக்கும் நாளில் அவளிடமும் கொடுத்து, சின்னக் கிளைகளை வெட்டச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

பாதையின் அடிவாரத்து வீட்டில் இருக்கும் தாரிணி, கராஜில் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். பக்குரங்காவில் பல் டாக்டர். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். மரத்தைத் தாண்டி வந்து பார்த்தால், வேதவள்ளி சல்வாருக்கு மேலே கணவரின் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கால்சட்டையை மாட்டி, அது நழுவாமல் துப்பட்டாவால் இடுப்பில் கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன கோலம் இது?"

"அவரு ஒரு மணிக்கு வராருலா. மரத்த வெட்டணும்."

தாரிணி மரத்தைப் பார்த்தாள். ரம்பத்தைப் பார்த்தாள். வேதவள்ளியின் முகத்தையும் பார்த்தாள். "சரி, நான் என்ன செய்யவேணும்?" என்றாள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடந்த ஐந்து மாதமாக வேதவள்ளி தாரிணியோடு சரியாகப் பேசுவதில்லை. முருகையா விழுந்த வாரம் வீட்டுச் சாவியைத் தாரிணியிடம் கொடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது, அலமாரியில் இருந்த ஒரு போத்தல் தேங்காயெண்ணெயைக் காணவில்லை. கடைச் சரக்கு இல்லை, சொந்த ஊரான தெலுக் இந்தானில் அவள் அக்கா அன்னபாக்கியம் செக்கில் ஆட்டி அனுப்பியது. தாரிணிக்கு இடுப்புவரை கூந்தல். அந்தக் குளிர்காலம் அது கொஞ்சம் கூடுதலாகவே பளபளப்பதாக வேதவள்ளிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்பக்கக் கைப்பிடியில் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் இல்லை. பத்து தடவை இழுத்தாள். இருபது தடவை இழுத்தாள். சக்களத்தி வாயே திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் முருகையாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அலாமாக்! நீ அதத் தொடாத வள்ளி. கைய கால வெட்டிக்கிட்டா யாரு பாக்கறது?"

"சரிங்க, தொடல. நீங்க திங்கக்கிழமைவரைக்கும் அங்கேயே இருங்க."

முருகையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பிளக் கழட்டற ஸ்பேனர் செவப்பு டப்பாவுல இருக்கும். எடு."

பிறகு நடந்ததெல்லாம் அவர் அங்கிருந்து சொல்ல, இவர்கள் இங்கே செய்தது. முதலில் ஏப்ரல் மாதத்துப் பெட்ரோலை ஒரு தகர டப்பாவில் கவிழ்த்துக் கொட்டினார்கள். அது கெட்டுப்போய், பெயின்ட் கடை மாதிரி நாறியது. தாரிணி கீழே ஓடிப்போய்த் தன் காரை எடுத்துக்கொண்டு புதுப் பெட்ரோல் வாங்கி வந்தாள். ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்று முருகையா மூன்று முறை சொன்னார். தாரிணி மருந்து கலப்பதுபோல அளந்து ஊற்றிக் குலுக்கினாள். பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. பழைய பல்துலக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, சுற்றிச் சுற்றித் தேய்த்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"இதின்ர பல்லெல்லாம் இப்ப நல்லா இருக்கு அக்கா," என்றாள். வேதவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் தாரிணியின் பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி எடுத்தாகிவிட்டது. மணி பதினொன்றரை. அப்போதுதான் வேதவள்ளி கையுறை போட்ட கையால் ரம்பத்தின் சங்கிலியை நகர்த்திப் பார்த்தாள். அது அசைய மறுத்தது.

"என்னங்க, செயின் நகரவே மாட்டேங்குது. பிரேக்க எடுத்துட்டேன். அப்பயும் நகரல."

"அது... அது அப்படித்தான் இருக்கும். குளிருல்ல."

"ஆயில் டேங்க தொறந்து பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். அதுல நெறையா இருக்கு. அத ஏன் தொறக்கற?"

முப்பத்திரண்டு வருடம் ஓர் ஆளோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் குரலில் ஒரு சிறு நெளிவு போதும். வேதவள்ளி மூடியைத் திருகித் திறந்தாள். சங்கிலிக்கு விடும் எண்ணெய் தேன் நிறத்தில் வழவழவென்று இருக்கும். உள்ளே இருந்ததோ வெள்ளை வெளேரென்று உறைந்து, மெழுகுபோல் கெட்டியாக இருந்தது. குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள்.

"என்னங்க."

"சொல்லு வள்ளி."

"இது எங்கக்கா அனுப்புன எண்ணெய்."

"ஆயில் தீந்துபோச்சு," என்றார் முருகையா. "இன்னும் ரெண்டே கட்டதான் இருந்துச்சு. அதுக்காகக் கடைக்குப் போவாங்களா? கொஞ்சமாத்தான் ஊத்தலாம்னு பாத்தேன். ஏப்ரல்ல ஜம்முனு ஓடுச்சு தெரியுமா! மிச்சம் இருக்கற போத்தல் மேல்தட்டுல, பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால இருக்கு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் விழுந்துட்டேன்."

வேதவள்ளிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முகம்தான் சுட்டது. தாரிணி பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று போட்டு உடைத்துவிட்டாள்.

"தாரிணி, இந்த எண்ணெய நீதான் எடுத்துட்டேன்னு நெனச்சேன்மா. அஞ்சு மாசமா."

தாரிணி தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். "இதுக்கா? ஐயோ அக்கா, நான் தேங்காயெண்ணெய் வைக்கிறதே இல்லை. எனக்கு அந்த மணம் தலையிடிக்கும்!" என்றவள், சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அதுதான் ஒவ்வொருக்காலும் என்ர தலைமயிரையே பார்த்துக்கொண்டு கதைச்சனீங்களோ?" வேதவள்ளியும் சிரித்தாள். போனில் முருகையாவும் சிரித்தார். மனுகாவில் பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன விஷயம் என்று கேட்பது இங்கேவரை கேட்டது.

ஆக்லாந்துக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெயை இளக்க இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாரிணி தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டு வரவா என்று கேட்டாள். பெட்ரோல் பக்கத்தில் அதெல்லாம் ஆகாது என்று வேதவள்ளி தடுத்துவிட்டாள். படுக்கையில் காலுக்கு வைத்துக்கொள்ளும் வெந்நீர்ப் பைகள் இரண்டில் கொதிநீர் நிரப்பி, ஒன்றை டேங்க் மேலும் இன்னொன்றைச் சங்கிலி ஓடும் பட்டை மேலும் வைத்து, முருகையாவின் கம்பளியால் சுற்றினாள். ஜுரம் வந்த குழந்தையைப்போல ரம்பம் வெயிலில் படுத்திருந்தது. இருபது நிமிடம் கழித்து ஆட்டிப் பார்த்தால், டேங்கில் எண்ணெய் சலக் சலக் என்றது. சங்கிலி விரல் இழுத்த பக்கம் வந்தது.

மணி பன்னிரண்டு இருபது. முருகையாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். போன் அவர் மடியில்.

"சோக் முழுசா இழு. டப்புனு ஒரு சத்தம் வரும். வந்ததும் பாதியா வெச்சுட்டு இழு."

மூன்றாவது இழுப்பில் டப்பென்றது. பாதிக்குத் தள்ளினாள். நான்கு, ஐந்து. ஆறாவது இழுப்பில் ரம்பம் இருமி, புகை கக்கி, ஒருமுறை செத்துவிடுவதுபோல் தயங்கி, பின் மேடே அதிரும்படி முழங்கியது. தாரிணி குதித்தாள். இத்தனை வருடமாகக் காதைப் பொத்திக்கொண்டு திட்டிய அந்தச் சத்தம் வேதவள்ளிக்கு நாதஸ்வரம்போல இருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, நுனியை ஓர் அட்டைப்பெட்டிக்கு நேரே காட்டினாள். அட்டையில் எண்ணெய் ஒரு கோடு போட்டது. ஹென்டர்சன் மேடு முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம்.

"ஓடுதா? ஓடுதா?" என்று போன் கத்திக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை.

கிளைகளை முதலில் கழித்தாள். தாரிணி இழுத்து இழுத்து ஓரத்தில் போட்டாள். பிறகு தலைப்பகுதியிலிருந்து கட்டை கட்டையாக அறுத்துக்கொண்டே வந்தாள். மரத்தூள் முகமெல்லாம் அப்பியது. பிடியை விடவில்லை. மிச்சம் ஒரே ஒரு நீளத் துண்டு. தொடை கனம் இருந்த அது, ஒரு முனை மண்மேட்டிலும் மறுமுனை பாதையோரப் பாறையிலுமாகப் பாலம்போல் கிடந்தது. அதன் நடுவே ரம்பத்தை வைத்து மேலிருந்து கீழாக அழுத்தினாள். பாதி போனதும் மரம் தொய்ந்து, வெட்டின இடத்தை மூடிக்கொண்டு, ரம்பத்தைக் கவ்விப் பிடித்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு இழுத்தாள். வரவில்லை. காலை மரத்தில் உதைத்து இழுத்தாள். வரவே இல்லை.

கீழே வெள்ளை வண்டி வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. காதை மூடும் கவசம் போட்டிருந்ததால், பின்னால் யாரோ அடித்தொண்டையில் கத்துவதும் கேட்கவில்லை. தாரிணிதான் தோளைத் தட்டி, கீழே பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

முருகையா வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

மையத்தில் அவர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் தாங்க, ஒரு நிமிடம் நிற்பார். உடனே உட்கார வேண்டும் என்பார். இங்கே ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மறுகையை அடியிலிருந்து மேலாக வீசி வீசிக் கத்திக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டிவந்த டோங்கா தீவுக்காரர், மலைபோன்ற ஆள், இரண்டு கையையும் விரித்து அவர் பின்னாலேயே தயாராக நின்றார்.

வேதவள்ளி கவசத்தைக் கழற்றினாள்.

"மேலேருந்து வெட்டாத! அடியில வை! அடியிலேருந்து மேல வா!"

"என்னங்க," என்றாள். கண் நிறைந்து, மரத்தூளோடு சேர்ந்து எரிந்தது. "என்னங்க, நிக்கறீங்க."

முருகையா குனிந்து தன் காலைப் பார்த்தார். யாருடைய கால் என்பதுபோலப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீ அங்க தப்புத் தப்பா வெட்டிக்கிட்டு இருந்தா, நான் எப்படி உக்காந்திருக்கறது?" என்றார்.

டோங்காக்காரர் அவரை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டார். வேலிக் கட்டை ஒன்றைத் தாரிணிதான் தூக்கிவந்து, மரத்தின் அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். வெட்டு வாய் திறந்தது. வேதவள்ளி ரம்பத்தை உருவினாள். கயிற்றை ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. தாரிணியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை அடியில் வைத்து, அவர் காட்டிய மாதிரியே மேலே கொண்டுவந்தாள். மரம் பட்டென்று இரண்டானது. கீழ்ப்பாதி பாறையிலிருந்து நழுவி, உருண்டு, பள்ளத்தில் போய் விழுந்தது. பாதை திறந்துகொண்டது.

இன்ஜினை நிறுத்தினாள். அந்த அமைதியில் கைதட்டும் சத்தம் கேட்டது. முருகையாதான். கைதட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதோ, அதற்காகக் கதவை விட்டுவிட்டோம் என்பதோ அவர் நினைவிலேயே இல்லை. எதையும் பிடிக்காமல் நின்று, பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் விழுந்துவிடுவாரோ என்று வேதவள்ளி எதுவும் சொல்லாமல், ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நோக்கி ஓடினாள்.