ஒரே விலை தொண்ணூற்றைந்து

என் உயிரின் விலையை டாக்டரம்மா நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொன்னார். நான் மனசுக்குள் பாதியாக்கிக்கொண்டேன். தலைமுறை தலைமுறையாகத் துணி விற்கும் குடும்பம் எங்களுடையது. முதலில் சொன்ன விலையை நம்புகிறவனுக்கு எங்கள் வீட்டில் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது அது. வலது விரையில், வலியே இல்லாமல், கல் மாதிரி ஒரு கட்டி. ஆபரேஷனில் அந்த விரையை எடுத்துவிட்டார்கள். ஆனால் புற்றுநோய் அதற்குள் வயிற்றில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்கும் கிளை திறந்திருந்தது. மூன்று சுற்று கீமோ என்றார்கள்.

"வேண்டாம். பாதிக்குப் பாதிதானே? இருக்கிற வரைக்கும் மீசையோட இருந்துட்டுப் போறேன்," என்றேன் மனைவியிடம். கல்லாவில் உட்காருகிறவள் அவள்.

"ஏங்க, ஒத்தைக் கால்ல நிக்காதீங்க. ஏற்கெனவே ஒண்ணு ஒத்தையாத்தான் இருக்கு."

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு, மொத்த வியாபாரியிடம் பேசும் அந்தத் தணிந்த குரலில் ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா, தொண்ணூத்தஞ்சுன்னீங்களாம். இவர் பாதின்னு எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கார். கடைசி விலை சொல்லிடுங்க."

"பாதியா? யார் சொன்னா?"

"நாங்களே குறைச்சுக்கிட்டதுங்க," என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இங்கே பேரம் கிடையாதுங்க. உங்களை மாதிரி நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேர் குணமாகியிருக்காங்க. மருந்து ஏத்திக்கிட்டவங்க கணக்கு அது. ஏத்திக்காம வீட்ல உக்காந்திருக்கிறவருக்கு நான் விலையே சொல்லலை."

"தொண்ணூத்தெட்டாப் போட முடியாதா?" என்றாள் இவள்.

"ஏறவும் ஏறாது, குறையவும் குறையாது."

"முடிச்சுக்கலாம்ங்க," என்று என் பக்கம் பேனாவைத் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன்.

மருந்து சும்மா விடவில்லை. முடி, புருவம், மீசை எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பின. தண்ணீர்கூடத் துருப்பிடித்த ஆணியாக ருசித்தது. ஒருநாள் பிடிவாதமாகக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து என்னிடமே, "முதலாளி இல்லையா?" என்றார்.

"சரக்கெடுக்கப் போயிருக்கார். வந்துடுவார்," என்றேன்.

வந்துதான் விட்டார். புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்த எண் சுற்றுக்குச் சுற்று சரிந்து, கடைசியில் எல்லோருக்கும் உள்ள அளவில் வந்து நின்றது. கைவசம் இருக்கும் சரக்கு விலை இறங்கினால் தலையில் கைவைக்கிற வியாபாரி நான்; ஓர் எண் இறங்கியதைக் கேட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது வருட ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இனிமே நான்தான் உங்க கடைக்கு வரணும்," என்றார்.

கணக்கை முடித்துவிடுகிறேன். போனது, விரை ஒன்று. விரல் நுனியில் கொஞ்சம் உணர்வு. பட்டா பருத்தியா என்று இப்போது கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். வந்தது, முன்னைவிட அடர்த்தியாக ஒரு மீசை. அதற்குப் பின்னால் முழுசாக நான். நிலுவை, 'அன்னைக்கு நீ செஞ்சதுதான் சரி' என்று மனைவிக்குச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போதுதான் அவகாசம் நிறைய இருக்கிறதே.