மூன்றாம் ஓலைக்கு முன்

"பெட்டை அழேல்லை எண்டு சொல்லுறன் மச்சாள், அது கண்ணிலை வாற நோய்வருத்தம்—"

"வருத்தமோ? சுவாமி என்ரை பெடியன்ரை பேரை வாசிக்கேக்கை மட்டும் வாற வருத்தமோ?"

"கஞ்சி குடிக்கேக்கையும் வருது, கிணத்தடியிலையும் வருது! நீர் கோயிலிலை மட்டும்தானே கண்டனீர்!"

மச்சாள்மார் இருவரும் ஒரே மூச்சில் கத்தியதில், முற்றத்து வலைமேல் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

செபஸ்தியம்மாவின் மகள் மாக்கிறேற்றுக்கும் அந்தோனியம்மாவின் மகன் லியோனுக்கும் கலியாணம் பேசி, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பேரையும் வாசித்து, கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லும்படி குருவானவர் சுவாமி கேட்பார். இரண்டு ஓலை முடிந்தது. இரண்டு தரமும் மாக்கிறேற்றின் கன்னம் நனைந்து முக்காடு ஈரமானதை ஊரே பார்த்தது.

"விருப்பமில்லாத பெட்டையை வில்லங்கப்படுத்துறியளோ எண்டு சுவாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர்," என்றாள் அந்தோனியம்மா. "செத்த என்ரை தம்பியின்ரை பிள்ளை எண்டுதான் நான் எடுக்கிறன். மூண்டாம் ஓலைக்கும் இவள் அழுதாளெண்டா கலியாணம் இல்லை. பிறகு என்னிலை குறை சொல்லாதையும்."

 தகப்பனில்லாப் பெட்டைக்கு இன்னொரு சம்பந்தம் செபஸ்தியம்மா எங்கே தேடுவாள்? மூன்று கிழமையாக அவள் செய்யாத வைத்தியமில்லை. பக்கத்து வீட்டில் முலைப்பால் வாங்கிக் கண்ணில் விட்டாள். நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினாள். அந்தோனியார் விளக்கின் எண்ணெயும் ஒரு துளி விட்டாள்; அன்றுதான் கண் கொவ்வைப்பழமாய்ச் சிவந்தது. ஆசுப்பத்திரி என்றால் மட்டும் மாக்கிறேற் அசையமாட்டாள். "தன்பாட்டிலை மாறும் அம்மா" என்பாள்.

இனி ஏலாது என்று அன்றைக்கே மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு நடந்தாள். அந்தோனியம்மாவும் பின்னால் வந்தாள். "டொக்குத்தர் சொல்லுறதை நானும் என்ரை காதாலை கேக்கோணும்."

"ரெண்டு கண்ணிலையுமோ?" என்று டொக்குத்தர் கேட்டார்.

"இடக்கண்ணிலை மட்டும், ஐயா."

"அழுதா ரெண்டிலையும் வருமே. ஒற்றைக் கண் ஓயாமல் ஓடினா, மூக்குக்குள்ளை இறங்கிற வழி அடைபட்டிருக்கோணும், இமைமயிர் உள்ளுக்கு வளைஞ்சு குத்தோணும், இல்லாட்டி ஏதோ உள்ளை கிடக்கோணும். என்ன விட்டனீங்கள்?"

செபஸ்தியம்மா சொன்னாள்.

"உப்பும் புளியும்தான் விடேல்லைப் போலை!"

விறைக்கிற மருந்து இரண்டு சொட்டு விட்டு, குச்சியொன்றை வைத்து மேலிமையைப் புரட்டினார். பஞ்சால் எதையோ ஒற்றியெடுத்து விரலில் வைத்துக் காட்டினார். கண்ணாடித் தூள் போல மினுங்கியது.

"என்ரை மாதாவே!" அந்தோனியம்மா நெஞ்சில் கைவைத்தாள். "மீன் செதில்!"

செபஸ்தியம்மா குனிந்து டொக்குத்தரின் விரலைப் பார்த்தாள்.

"இமை வெட்டுற ஒவ்வொரு தரமும் இது முழியைக் கீறியிருக்கு. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா தழும்பு விழுந்து பார்வை மங்கியிருக்கும். இந்தக் களிம்பை நாலு நேரம் போடுங்கோ. கசக்கக்கூடாது. கொதிச்சாறின தண்ணியிலை சுத்தத்துணி நனைச்சுத் துடையுங்கோ. பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்."

வெளியே வந்ததும் அந்தோனியம்மா மருமகளின் நாடியைத் தடவினாள். "கண்டபடி கதைச்சுப்போட்டன், என்ரை குஞ்சு. ஞாயிறு மூண்டாம் ஓலைதானே? நான் போய்ச் சுவாமியிட்டைச் சொல்லுறன், மீன் செதில்தானாம் எண்டு!" சொன்ன வேகத்தில் கோயில் பக்கம் திரும்பிவிட்டாள்.

செபஸ்தியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மூண்டு கிழமை எப்பிடியடி தாங்கினனீ? பார்வையெல்லே போகப் பாத்தது! உள்ளை என்னவோ குத்துது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

மாக்கிறேற் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"அது விழுந்த அண்டைக்கே எனக்குத் தெரியும், அம்மா. அழுகிறன் எண்டு நினைச்சு ஆரெண்டாலும் இந்தக் கலியாணத்தை நிப்பாட்டுவினம் எண்டுதான் எடுக்காமல் விட்டனான்."