இரண்டு துண்டுத் தண்டு

அந்த இம்பாலாவைக் கண்டுபிடித்தவன் சாஜித். 1964ஆம் ஆண்டுக் கார், கறுப்பு. இன்டர்நெட்டில் விளம்பரத்தைப் பார்த்ததும் தன் ரசனையைக் காட்டிக்கொள்ளத்தான் தங்கை நுஹாவின் கணவன் நிஸ்தாரிடம் அதைக் காட்டினான். அடுத்த வாரமே கார் கிரான்பர்னில் நிஸ்தாரின் கராஜுக்குள் நின்றது.

"நீ காட்டாட்டி எனக்கு இது கிடைச்சிருக்காது மச்சான்" என்று நிஸ்தார் கட்டிப்பிடித்தான். அந்த நன்றிதான் சாஜித்தின் வயிற்றை இன்னும் எரித்தது. ஊரில், கல்முனையில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவனுக்கு அந்தக் காரின் மேல் பைத்தியம். அதைப் பற்றி அவன் படிக்காதது ஒன்றும் பாக்கியில்லை. வீடு, பிள்ளைகள் என்று ஆசையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். பார்மசி வைத்திருக்கும் நிஸ்தாருக்கோ அது ஒரு வாரத்து ஆசை.

எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டு அந்தக் காரில் இரண்டு துண்டு. நடுவில் தாங்கும் பேரிங் தேய்ந்து உறுமியது. நிஸ்தார் அமெரிக்காவிலிருந்து அதேபோல் இரண்டு துண்டாக, தடித்த புதுத் தண்டொன்றை வரவழைத்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் மாட்டினான். சாஜித் பக்கத்தில் குந்தி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். இரண்டு துண்டும் பல்லோடு பல் சேரும் இடத்தில் இரு முனையிலும் கவட்டைபோல் பிளந்திருக்கும் கவைகள் ஒரே நேராக நிற்கவேண்டும்; பிசகினால் வேகத்தில் கார் நடுங்கும். நிஸ்தார் கொஞ்சம் திருப்பிச் செருகினான். சாஜித் கண்டான். சொல் வாய்வரை வந்தது.

"சரிதானே மச்சான்?"

"இறுக்கு" என்றான் சாஜித்.

பெருநாள் காலை தொழுகைக்குப் போகும் வழியில், ஹைவேயில் கார் நடுநடுங்கியது. ஓரத்தில் நிறுத்திவிட்டு, பட்டுச் சட்டை போட்ட பிள்ளைகளோடு நிஸ்தாரும் நுஹாவும் பின்னால் வந்த சாஜித்தின் பழைய கொரோலா காரில் நெருங்கியடித்து ஏறினார்கள். அன்று சாஜித் வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நிஸ்தார் சக்கரங்களை மாற்றிப் பார்த்தான், பேரிங்கை மாற்றிப் பார்த்தான். நடுக்கம் போகவில்லை. கடைசியில் சாஜித்துக்கு ஃபோன் எடுத்தான். "வித்துப்போடப் போறன். நகரத்துக்கு மத்தப் பக்கம், வெரிபீயில இருந்து வெங்கட்ராமன் எண்டு ஒருத்தர் நாளைக்குப் பார்க்க வாறார். ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் வந்திருப்பன் எண்டு சொல்றார். ஆள் கார்ப் பைத்தியம்."

சாஜித்துக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முகம் தெரியாத அந்த வெங்கட்ராமன் இம்பாலாவின் கதவைத் திறந்து உட்காருவது மனசில் வந்து நின்றது. தன்னைப் போலவே அதைத் தெரிந்தவன். தன்னைவிட நன்றாகக்கூடத் தெரிந்திருக்கலாம். நிஸ்தாரிடம் இருந்தாலாவது பெருநாளுக்குப் பெருநாள் தொட்டுப் பார்க்கலாம்.

"விக்காத. இப்ப வாறன்" என்றான்.

கராஜில் காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றியதும் கீழே புகுந்தான். வேறெதையும் பார்க்கவில்லை. நேரே நடுத் தண்டைக் கழற்றி இழுத்து, கவைகளை நேராக்கிச் செருகி இறுக்கினான். தேநீர் கொண்டுவந்த நுஹா கோப்பையோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ஓட்டம் நீதான் ஓட்டோணும்" என்று நிஸ்தார் சாவியை அவன் கையில் திணித்தான்.

ஹைவேயில் கார் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சாஜித்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. நிஸ்தார் பக்கத்தில் இருந்து சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான்.

பின் சீற்றிலிருந்து நுஹா அண்ணனைக் கேட்டாள். "நானா, தேடாமலே கைவெச்சீங்க. எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கன்."

"மாட்டின அண்டைக்கும் படிச்சிருந்தீங்கதானே?"

சாஜித் பாதையையே பார்த்தான். "அவன் படிச்சதெல்லாம் கேட்டா விடிஞ்சிரும்" என்று நிஸ்தார் சிரித்தான்.

சாஜித்தின் வீட்டு வாசலில் இடம் மாறினார்கள். "வெங்கட்ராமனுக்கு வராதீங்க எண்டு சொல்லிட்டன் மச்சான்" என்றான் நிஸ்தார். ஹோர்ன் அடித்துக்கொண்டு கிளம்பினான். நுஹா கைகாட்டவில்லை. கறுப்புக் கார் முடக்கில் திரும்பும்வரை சாஜித் பார்த்துக்கொண்டு நின்றான். அது இவ்வளவு அழகாக ஓடுவது அவனுக்குப் பிடிக்கவேயில்லை.